மூன்று மணிக்காரர்

இசை காற்றில் வருகிறது; காற்றுக்குக் கதவு கிடையாது. இந்தக் குறையைப் போக்குவதற்காகத்தான் அந்த நகரத்தில் செவ்விசைச் சுவைஞர் பேரவை நிறுவப்பட்டது. அது காற்றுக்குக் கதவு வைத்தது. கதவுக்குக் காவல் வைத்தது. காவலுக்குக் குழு வைத்தது; குழுவுக்குத் தலைவர் வைத்தது; தலைவர் பேசுவதற்கு ஒலிபெருக்கி வைத்தது. இவ்வளவையும் வைத்த பிறகு, இசையை எங்கே வைப்பது என்பதில் மட்டும் சற்று இடநெருக்கடி ஏற்பட்டது.

பேரவைக் கட்டடத்திற்கு இரண்டு தெரு தள்ளி ஒரு லாண்டரி இருந்தது. முன்னால் துணி வாங்கும் மேசை. பின்னால் துவைக்கும் இயந்திரங்கள், ஈரத்தைப் பிழிந்தெடுக்கும் 'டிரம்' என்ற பெரிய இரும்பு உருளை, அதை ஒட்டினாற்போல் நீராவி இஸ்திரி மேசை. கணவனும் மனைவியும்தான் அங்கே முதலாளிகள், அவர்களேதான் தொழிலாளிகள். சுரண்டியவரும் சுரண்டப்பட்டவரும் இரவில் ஒரே மேசையில் சாப்பிட்டுவிட்டு ஒரே அலுப்போடு தூங்கினார்கள்.

இஸ்திரி மேசைக்கு மேலே ஒரு பலகை. பலகையில் ஒரு வானொலி. பிற்பகலில் அந்த வானொலியில் ஓர் இசை வரும். வாய்ப்பாட்டு இல்லை, வெறும் கருவிகள். அது தொடங்கும்போது டிரம் சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே யார் இயற்றியது, என்ன பெயர் என்று அறிவிப்பாளர் சொல்வது ஒருநாளும் காதில் விழுந்ததில்லை. டிரம் நின்றதும் இசை பாதியிலிருந்து மேலெழும். இருவரும் சட்டைக் காலரை அழுத்திக்கொண்டே கேட்பார்கள். நடுவில் ஓரிடத்தில் இசை சட்டென மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அவர்களும் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார்கள். பிறகு அது மறுபடி நடக்கத் தொடங்கும், இவர்களும் தொடங்குவார்கள். இனி முடியப்போகிறது என்று தோன்றுகிற நேரத்தில் மணி மூன்று அடிக்கும்; செய்தி வந்துவிடும். தலையை டிரம் விழுங்கியது, வாலைச் செய்தி விழுங்கியது, நடு உடல் மட்டும் இவர்களுக்குக் கிடைத்தது. கிடைத்ததை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஓட்டினார்கள்.

"நாளைக்காவது முடிய விடுவாங்களா?" என்று மனைவி கேட்பார்.

"செய்திக்காரருக்கு என்ன அவசரமோ" என்பார் கணவர்.

பிறகு வானொலி நிலையத்தார் இசையை நிறுத்தினார்கள். அந்த நேரத்தில் சோப்பு விளம்பரம் வந்தது. சோப்பு விளம்பரம் மட்டும் தினந்தோறும் முழுமையாக முடிந்தது.

அதற்குச் சில காலம் கழித்து அந்த அம்மாவின் காது மங்கத் தொடங்கியது. டிரம்முக்குப் பக்கத்தில் அத்தனை ஆண்டுகள் நின்றதற்கு டிரம் தன் பங்கை எடுத்துக்கொண்டது. காது மருத்துவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பேருந்து நிலையத்தில் அறிவிக்கிறவரைப்போலச் சொன்னார்: "வலது காது போயாச்சு. இடது காது வழியில இருக்கு. சில மாசம் தாங்கும்."

வீடு திரும்பும் வழியில் அந்த அம்மா தெருமுனையில் நின்று சொன்னார்: "எனக்கு வேற பெருசா ஒண்ணும் வேண்டாங்க. அந்த மூணு மணிப் பாட்டு எப்படி முடியுதுன்னு ஒரு தடவை கேட்டுட்டா போதும்."

லாண்டரிக்காரர் மறுநாளே இசைத்தட்டுக் கடைக்குப் போனார். பெயர் தெரியாது, இயற்றியவர் தெரியாது. ஆகவே கடைக்காரரின் முன்னால் நின்று தம் குரலிலேயே அதை முனகிக் காட்டினார். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். "சார், இந்த மாதிரி ஒண்ணு எங்ககிட்ட இல்ல. இருந்தாலும் விக்கிறதுக்கு மனசு வராது" என்றார்.

அந்த நிலையில்தான் பேரவைத் தலைவரின் நினைவு வந்தது. தலைவரின் நீண்ட கறுப்புக் கோட்டு வாரந்தோறும் இந்த லாண்டரிக்குத்தான் வரும். மற்றவர் துணியில் வியர்வையோ குழம்போ ஒட்டியிருக்கும். தலைவரின் கோட்டில் மார்புப் பகுதி மட்டும் தேய்ந்திருக்கும். பேசும்போது அவர் அங்கே கை வைத்துக்கொள்வார்.

கோட்டை வாங்கிக்கொள்ள வந்த தலைவரிடம் லாண்டரிக்காரர் விஷயத்தைச் சொன்னார்.

"தாராளமா வாங்க" என்றார் தலைவர். "இசை எல்லாருக்கும் பொது. உறுப்பினரா இருக்கிற எல்லாருக்கும்."

*

உறுப்பினராவதற்கு முதலில் நேர்காணல். கணவனும் மனைவியும் சேர்ந்தே போனார்கள். நீண்ட மேசைக்கு அப்பால் செயலாளரும் இரண்டு பொறுப்பாளர்களும் உட்கார்ந்திருந்தார்கள். செயலாளருக்கு முன்னால் ஒரு மேசை மணி இருந்தது. அவர் பேசி முடித்ததும் அதைத் தாமே ஒருமுறை தட்டுவார். முடிந்ததென்று அவருக்கே அதற்குப் பிறகுதான் தெரியும்.

"உங்க இசைஞர் யாரு?" என்று கேட்டார்.

பேரவையில் ஒவ்வொரு உறுப்பினரும் தமக்கு மிகப் பிடித்த இசைஞர் ஒருவரை அறிவிக்க வேண்டும். அவருடைய வரிசையில்தான் அமரவேண்டும். மூத்தவர் வரிசை, இளையவர் வரிசை, தனியர் வரிசை என்று கூடத்தில் வரிசைகள் இருந்தன. மேதைகளைப் பெயர் சொல்லி அழைப்பது மரியாதைக் குறைவு என்று பேரவை முன்பொருமுறை தீர்மானித்துவிட்டது. மரியாதை வளர வளர, மூத்தவரின் பெயர் என்ன என்பது மூத்தவர் வரிசையிலேயே பலருக்கு மறந்துபோயிருந்தது. அதைப் பக்தியின் உச்சம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

லாண்டரிக்காரர் விழித்தார். "பேரு தெரியாதுங்க. மூணு மணிக்கு வருவாரு."

மேசைக்கு அப்பால் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தெரியாது என்ற சொல் அந்தக் கட்டடத்தில் அதுவரை யார் வாயிலிருந்தும் வந்ததில்லை.

"மூன்று மணிக்காரரா..." என்று இழுத்தார் செயலாளர்.

"கொஞ்சம் கடினமானவராச்சே" என்றார் முதல் பொறுப்பாளர்.

"எடுத்த உடனே யாரும் அவர்கிட்ட போகமாட்டாங்க" என்றார் இரண்டாம் பொறுப்பாளர். "நானே கொஞ்சம் வயசான பிறகுதான் போனேன்."

லாண்டரிக்காரருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "அப்போ உங்களுக்கெல்லாம் தெரியுமா? அது எப்படிங்க முடியும்?"

செயலாளர் மணியைத் தட்டினார். "அதெல்லாம் தொடக்க நிலையில் கேட்கக் கூடாத கேள்வி."

"இல்லைங்க, என் சம்சாரத்துக்குக் காது போய்க்கிட்டே இருக்கு. அதுக்குள்ள ஒருதடவை..."

செயலாளர் அந்த அம்மாவைக் கனிவோடு பார்த்தார். "அம்மா கவலைப்பட வேண்டாம். காதை நம்பியிருக்கிற ரசனை கீழ்நிலை ரசனை. எங்க மூத்த உறுப்பினர்கள் பல பேருக்குக் காதே தேவைப்படறதில்ல."

அது ஆறுதல் வார்த்தை என்று லாண்டரிக்காரர் எடுத்துக்கொண்டார். உண்மை நிலவரம் என்பது பிறகுதான் விளங்கியது.

*

வாரத்தில் ஒரு மாலை 'பகிர்வு மாலை'. பிடித்த இசைஞரைப் பிறரோடு பகிர்ந்துகொள்வதே அதன் நோக்கம். கணவனும் மனைவியும் கடையை முன்னதாகவே மூடிவிட்டு, துவைத்த உடை உடுத்தி வந்து உட்கார்ந்தார்கள். மேடையின் ஓரத்தில், கண்ணாடிக் கதவிட்ட அலமாரிக்குள் இசைத்தட்டு இயந்திரம் இருந்தது. அலமாரி பூட்டியிருந்தது. கண்ணாடி நன்றாகத் துடைக்கப்பட்டிருந்தது.

மூத்தவர் வரிசையிலிருந்து ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் எழுந்தார். மூத்தவரை முதன்முதலில் கேட்ட அன்று தாம் ஒரு மாலை முழுவதும் அழுததாகப் பகிர்ந்துகொண்டார். இளையவர் வரிசையிலிருந்து ஒரு பல் மருத்துவர் எழுந்தார். இளையவரைக் கேட்டபோது தாம் இரண்டு நாள் அழுததாகவும், அந்த இரண்டு நாளும் நோயாளிகள் திரும்பிப் போனதாகவும் பகிர்ந்துகொண்டார். தனியர் வரிசைக்காரர் ஒரு வாரம் சாப்பிடவில்லை. அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை பசியைப் பற்றி வேறொரு வரலாறு சொல்லியது. இப்படிக் கண்ணீரும் பட்டினியும் ஏலத்தில் ஏறிக்கொண்டே போக, முடிவில் செயலாளர் எழுந்தார்.

"நேரமின்மை காரணமாக இன்றைய இசை ஒத்திவைக்கப்படுகிறது" என்றார். மணியைத் தட்டினார்.

அடுத்த வாரமும் நேரம் இல்லை. அதற்கடுத்த வாரம் நேரம் இருந்தது. அதைத் தலைவர் கண்டுபிடித்து, அமைதி என்னும் தலைப்பில், எல்லாரும் விடைபெறும் வேளைவரை உரையாற்றினார்.

இதற்கிடையே புதியவர்களுக்குப் பயிற்சி. பயிற்றுநர் ஓய்வுபெற்ற ஓர் ஓட்டல் மேலாளர். வாடிக்கையாளர் எதிரில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதை வாழ்நாள் முழுவதும் கற்றவர். கவனம் சிதறக் கூடாது என்பதால் பயிற்சியின்போது இசை கிடையாது.

"கண்ணை மூடுங்க" என்றார். "முழுசா மூடாதீங்க, தூங்குறார்னு நினைப்பாங்க. பாதியாவும் வேண்டாம், சந்தேகப்படுறார்னு நினைப்பாங்க. இப்ப தலையைச் சாய்ங்க. வலப்பக்கம். இடப்பக்கம் சாய்ச்சா கழுத்து வலின்னு அர்த்தம்."

லாண்டரிக்காரருக்கு எதுவும் வரவில்லை. கண்ணை மூடினால் தூக்கம் வந்தது. காலையிலிருந்து போர்வைகள் துவைத்தவருக்கு வேறு என்ன வரும்? மனைவியோ முதல் நாளிலேயே தேறிவிட்டார். பேச்சு சரியாகக் கேட்காதபோது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து அதேபோல் வைத்துக்கொள்வது அவருக்குச் சில மாதங்களாகவே பழக்கமாகியிருந்தது. பயிற்றுநர் சாய்ந்தால் சாய்ந்தார். பெருமூச்சு விட்டால் விட்டார்.

"பிறவி ரசிகை" என்றார் பயிற்றுநர், செயலாளரிடம். "எதைச் சொன்னாலும் குறுக்கே பேசுறதில்ல."

*

மூன்று மணிக்காரரின் புகழ் இதற்குள் பேரவை முழுவதும் பரவியிருந்தது. தெரியாதவரைத் தெரியும் என்று ஒருவர் சொன்னால், தெரியாது என்று சொல்ல இன்னொருவருக்கு ஏது துணிவு? மூத்தவரைப் பற்றி எல்லாரும் பேசியாயிற்று; மூன்று மணிக்காரரோ புதியவர், அரியவர், யாரும் மறுக்க முடியாதவர். அவருக்கென ஒரு வரிசை போடப்பட்டது. மற்ற வரிசைகளிலிருந்து முக்கியமானவர்கள் அங்கே குடிபெயர்ந்தார்கள். பல் மருத்துவர் இளையவரைக் கைவிட்டுவிட்டு முதல் நாற்காலியில் அமர்ந்தார். லாண்டரிக்காரரும் மனைவியும் வந்தபோது அவர்கள் கொண்டுவந்தவரின் வரிசையில் அவர்களுக்கு இடமில்லை. தூணுக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்டுத் தந்தார்கள்.

மூன்று மணிக்காரரைப் பற்றி ஒரு கருத்தரங்கும் நடந்தது. பேராசிரியர் ஒருவர் மேடையேறி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அதைக் கழற்றியபின் அவருக்கு எதிரே யாரும் தெரிவதில்லை, ஆகவே தயக்கமும் இருப்பதில்லை.

"மூன்று மணிக்காரர் ஏன் நான்கு மணிக்காரர் ஆகவில்லை?" என்று தொடங்கினார். "இந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவு இதுவரை எவருக்கும் வரவில்லை. இவர் காலையின் நம்பிக்கையைத் துறந்தவர். மாலையின் சமரசத்தை மறுத்தவர். இவருடைய படைப்பு எதையும் நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இவ்வளவு நடுநிலையோடு பேச என்னால் இயன்றிருக்காது."

கூடம் அதிரக் கைதட்டியது.

லாண்டரிக்காரர் தூணுக்குப் பின்னால் மனைவியின் பக்கம் குனிந்தார். "அவரைப் பத்தித்தான் பேசறாங்க" என்று இடது காதருகே சொன்னார். இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது.

"முடிவைச் சொன்னாங்களா?"

"இன்னும் இல்ல."

கருத்தரங்கு கலைந்த பிறகு, நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த ஆளுக்கு லாண்டரிக்காரர் கைகொடுத்தார். கூடத்தில் நாற்காலி போடுவதும், மடக்குவதும், ஆண்டில் ஒருமுறை அலமாரியிலிருந்து இயந்திரத்தை இறக்குவதும் அந்த நாற்காலிக்காரரின் வேலை. மடக்கும்போது லாண்டரிக்காரரின் வாய் பழக்கதோஷத்தில் அந்த இசையை முனகியது.

நாற்காலிக்காரர் நிமிர்ந்தார். "இது நம்ம ஆண்டு விழாத் தட்டாச்சே. வருஷா வருஷம் போடுறதுதான்."

லாண்டரிக்காரரின் கையிலிருந்த நாற்காலி நழுவியது. "இங்கேயே இருக்கா?"

"அலமாரியில இருக்கு. ஆனா சாவி தலைவர்கிட்ட."

வாசலில் வண்டியில் ஏறப்போன தலைவரை லாண்டரிக்காரர் ஓடிப்போய்ப் பிடித்தார். மூச்சிரைக்கச் சொன்னார். தலைவர் மார்பில் கை வைத்தார்; கோட்டு அந்த இடத்தில் இன்னும் சற்றுத் தேய்ந்தது.

"அந்தத் தட்டு ஆண்டு விழாவுக்கு மட்டும்தான்" என்றார். "விதி. நினைச்சப்பல்லாம் போட்டுக் கேட்டா அது வெறும் பாட்டாயிடும்."

"ஆண்டு விழாவுக்கு இன்னும் நாள் இருக்குங்களே. அதுக்குள்ள அவங்களுக்குக் காது போயிடும் ஐயா."

"போகட்டுமே. ரசனை இருக்குல்ல?" என்றார் தலைவர். வண்டிக் கதவை மெதுவாக மூடினார். சத்தம் அவருக்குப் பிடிக்காது.

*

ஒரு காலை. லாண்டரியின் இரும்புச் சுருள் கதவை இருவரும் சேர்ந்து தூக்கினார்கள். தெருவையே எழுப்புகிற கதவு அது. அந்த அம்மா கைகளைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"எண்ணெய் போட்டீங்களா?" என்று கேட்டார். "சத்தமே இல்லையே."

லாண்டரிக்காரர் கதவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார். அந்த அம்மாவுக்கு அந்த அசைவே போதுமாயிருந்தது. உள்ளே போய்த் துணிகளைப் பிரித்துப் போட்டார். டிரம்மைச் சுழலவிட்டு, எப்போது நிற்கிறது என்று தெரிந்துகொள்ள அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அன்றுமுதல் அப்படித்தான் வேலை நடந்தது.

ஆண்டு விழா அழைப்பு வந்தபோது லாண்டரிக்காரர் அதை மடித்து ஓரமாக வைத்தார். மனைவி எடுத்துப் பிரித்தார்.

"போகலாம்" என்றார். காது போனதிலிருந்து அவர் குரல் சற்று உயர்ந்திருந்தது. "நீங்க கேளுங்க. கேட்டு எனக்குச் சொல்லுங்க."

*

விழா கோலாகலமாக இருந்தது. வரவேற்புரை, வரவேற்புக்கு நன்றியுரை, தலைவர் அறிமுகம், அறிமுகம் செய்தவரைப் பற்றித் தலைவரின் பாராட்டு, செயலாளர் அறிக்கை. பக்கத்து இருக்கைகளில் ஆட்கள் நெளிந்தார்கள், கொட்டாவியை விழுங்கினார்கள், கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் திருட்டுத்தனமாகப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் அசையாமல், முகம் மலர, தலை வலப்பக்கம் சாய, மேடையையே பார்த்தபடி அமர்ந்திருந்தார்.

அதனால்தான் ஆண்டின் சிறந்த கேட்பாளர் என்னும் கேடயம் அந்த அம்மாவுக்கு வழங்கப்பட்டது.

"இந்த அம்மையாரைப் பாருங்கள்" என்றார் தலைவர் ஒலிபெருக்கியில். "நான் அமைதியைப் பற்றிப் பேசியபோது இவர் இமைக்கவில்லை. செயலாளர் அறிக்கை வாசித்தபோது இவர் முகம் சுளிக்கவில்லை. எந்தச் சொல்லாலும் இவருடைய ரசனையைக் குலைக்க முடியவில்லை. என் வாழ்நாளில் எனக்கு இப்படியொரு செவி வாய்த்ததில்லை. இப்படி ஆயிரம் பேர் கிடைத்தால் இந்தப் பேரவையை எவராலும் அசைக்க முடியாது."

லாண்டரிக்காரர் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். கைதட்டல் அதை மூடிவிட்டது. அந்த அம்மா கேடயத்தை வாங்கிக்கொண்டு, ஏன் என்று தெரியாமல், ஆனால் எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துத் தாமும் சிரித்துவிட்டு, மேடையோரம் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இயந்திரம் அவருக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது.

இறுதியில், வேறு வழியே இல்லாமல், இசை வந்தது.

நாற்காலிக்காரர் தலைவர் தந்த சாவியால் அலமாரியைத் திறந்து, இயந்திரத்தை வெளியே எடுத்துத் தட்டை வைத்து முள்ளை இறக்கினார். லாண்டரிக்காரர் முதன்முறையாக அதன் தொடக்கத்தைக் கேட்டார். இத்தனை ஆண்டுகள் டிரம்முக்குள் சுற்றிக்கொண்டிருந்த தலை இதுதானா என்று ஒருகணம் அடையாளம் தெரியவில்லை. பிறகு தெரிந்த இடம் வந்தது. சட்டைக் காலர், நீராவி, மனைவியின் முழங்கை, எல்லாம் வந்தன. இசை மூச்சை இழுத்துப் பிடிக்கும் அந்த இடமும் வந்தது. அவர் கை, அங்கே இல்லாத இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியது.

கூடம் எழுந்து நின்று கைதட்டியது.

செயலாளர் பாய்ந்துபோய் முள்ளைத் தூக்கினார்.

லாண்டரிக்காரர் திகைத்தார். இன்னும் இருக்கிறதே, இதற்குப் பிறகு வருமே என்று நெஞ்சு சொல்லியது. ஆனால் முன்வரிசை முழுவதும் நின்று தட்டுகிறது; பேராசிரியர் தட்டுகிறார்; பல் மருத்துவர் கண்ணைத் துடைக்கிறார். இத்தனை பெரியவர்கள் தவறுவார்களா, டிரம் இரைச்சலில் நான்தான் எதையோ தவறாகக் கேட்டிருப்பேன் என்று எண்ணிக்கொண்டார். எண்ணியவர் தாமும் தட்டினார். உலகில் நிலைபெற்ற எல்லாத் தவறுகளும் இந்த வகையில்தான் நிலைபெற்றிருக்கின்றன.

தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "என்ன துணிச்சலான முடிவு. வேறு எவனாயிருந்தாலும் இதை இன்னும் வளர்த்திருப்பான். இவனோ முடிக்காமலே முடித்துக் காட்டினான். இந்த முடிவைப் பற்றி நம் பேராசிரியர் ஒரு நூலே எழுதியிருக்கிறார்."

கைதட்டல் அடங்கியது. அடங்கியது தெரியாத ஒரே ஒருவர், தம் உயர்ந்த குரலில், மேடையோரத்திலிருந்து கேட்டார்:

"என்னங்க, இன்னும் பாதித் தட்டு மிச்சம் இருக்கே. ஏன் எடுத்துட்டாங்க?"

கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். ஆனால் அதைத்தான் செயலாளர் தூக்கி வைத்திருந்தார். எல்லாருடைய கண்ணும் தட்டுக்குப் போயிற்று. அது சுற்றிக்கொண்டே இருந்தது. முள் போன பாதைக்கு உள்ளே, நடுவட்டம் வரை, வரிவரியாகக் கறுப்பு மிச்சமிருந்தது. கண்ணுள்ள எவரும் காணலாம். ஆண்டுதோறும் அத்தனை பேரும் கண்ணை மூடித்தான் கேட்டார்கள்.

பேராசிரியர் எழுந்தார். "மீதிப் பகுதி வெற்றுத் தகடு" என்றார். "தட்டு வட்டமாக இருக்கவேண்டும் என்பதற்காக அதை விட்டுவைப்பது மரபு."

"அதுலயும் கோடு இருக்கே" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்.

"அலங்காரம்" என்றார் பேராசிரியர்.

மேடையிலேயே அவசரச் செயற்குழு கூடியது. தலைகள் குனிந்தன, நிமிர்ந்தன. செயலாளர் முன்னால் வந்தார். சிறந்த கேட்பாளர் கேட்கலாமேயன்றிக் கேள்வி கேட்கலாகாது. அம்மையார் செவியால் அனுபவிக்க வேண்டியதைக் கண்ணால் அளந்துவிட்டார். ரசனைக் குறைவு வெளிப்பட்டுவிட்டபடியால் கேடயம் திரும்பப் பெறப்படுகிறது. மணியைத் தட்டினார். அந்த அம்மா கேடயத்தைத் தாமாகவே எடுத்து நீட்டினார். எங்கேயாவது வைக்கக் கேட்கிறார்கள் என்று நினைத்தார்.

"சிற்றுண்டி அடுத்த அறையில். தலைவரின் நிறைவுரையும் அங்கேயே தொடரும்" என்று அறிவிப்பு வந்தது. கூடம் காலியாயிற்று.

*

லாண்டரிக்காரர் மனைவியிடம் போனார். நாற்காலிக்காரர் ஒவ்வொன்றாக மடக்கி அடுக்கிக்கொண்டு வந்தார். இயந்திரத்தருகே வந்ததும் நின்றார்.

"முதல் வருஷ விழாவுல நான் இருந்தேன்" என்றார். "அந்த இடத்துல சத்தம் நின்னுச்சா, முடிஞ்சுதுன்னு நினைச்சுத் தலைவர் தட்டிட்டாரு. தலைவரே தட்டிட்டாரேன்னு எல்லாரும் தட்டினாங்க. பார்த்தா, மறுபடி பாட்டு வருது. தலைவர் முகம் போன போக்கைப் பார்க்கணும். செயலாளர் ஓடிப்போய் முள்ளைத் தூக்கினாரு. அன்னையிலேர்ந்து அதான் முடிவு."

"மீதியை நீங்க கேட்டிருக்கீங்களா?"

"எனக்கு எங்கேங்க நேரம். நாற்காலி மடக்கணும்ல." அவர் அடுத்த அறையின் கதவை ஒருமுறை பார்த்தார். "உறையில போடறதுக்கு முன்னாடி தூசி இருக்கான்னு ஓட்டிப் பார்க்கலாம். அதுக்கு விதி ஒண்ணும் இல்ல."

செயலாளர் தூக்கிய இடத்திலேயே முள்ளை இறக்கிவிட்டு மடக்கப் போய்விட்டார்.

அந்த அம்மா நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, இயந்திரத்தின் மரப்பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தார். இசை, பிடித்திருந்த மூச்சை விட்டது. நடந்தது. செய்தி வரவேண்டிய இடம் வந்தது. லாண்டரிக்காரரின் தோள்கள் தாமாகவே இறுகின. செய்தி வரவில்லை. இத்தனை ஆண்டுக் காத்திருப்புக்கு இடியும் முழக்கமுமாக ஏதேனும் வரும் என்று எதிர்பார்த்தார். அதுவும் வரவில்லை. கருவிகள் ஒவ்வொன்றாக, வேலை முடிந்து விளக்கணைத்துப் போகிறவர்களைப்போல விலகிக்கொண்டன. ஒரே ஒரு தந்தி மட்டும் மிஞ்சியது. அவர் கண்ணை மூடவில்லை. தலை எந்தப் பக்கமும் சாயவில்லை. கற்ற பயிற்சி அத்தனையும் வீண்.

"முடிஞ்சுதா?" என்றார் மனைவி, கையை எடுக்காமல்.

முடிந்தது என்று தலையசைத்தார்.

"எப்படி முடிஞ்சுது? சொல்லுங்க."

பேரவையில் கேட்ட சொற்களையெல்லாம் அவர் தேடிப் பார்த்தார். துணிச்சல், ஆழம், சமரசம், கடினமானவர். ஒன்றுகூட உதவவில்லை. பிறகு உதடு தெரியும்படி அவருக்கு நேரெதிரே குனிந்து, காற்றில் கையால் ஒரு வட்டம் போட்டுக்கொண்டே சொன்னார்.

"சாயங்காலம் கடைசியா டிரம்மை நிறுத்துவோம்ல. சுவிட்சை அணைச்ச பிறகும் அது பாட்டுக்குக் கொஞ்சம் சுத்தும். அப்புறம் மெதுவா, இன்னும் மெதுவா... எப்ப நின்னுச்சுன்னே தெரியாது. அந்த மாதிரி."

அவருடைய கை காற்றில் நின்றது. அந்த அம்மா அந்தக் கையைப் பார்த்தார். தம் உள்ளங்கையையும் பார்த்தார்.

"அப்படின்னா எனக்குத் தெரியும்" என்றார். சற்றுக் கழித்து, "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்கா இத்தனை பேரு" என்றார் அவர். எழுந்து புடவையை உதறிச் சரிசெய்துகொண்டார். "வாங்க. காலையில போர்வை நிறைய இருக்கு."

அடுத்த அறையின் ஒலிபெருக்கியில் தலைவர், "இறுதியாக ஒன்று" என்றார். இருவரும் வாசலைக் கடந்தபோது, "இறுதியினும் இறுதியாக" என்றார். அந்த அம்மாவுக்கு அது கேட்கவில்லை. லாண்டரிக்காரருக்குக் கேட்டது. தெருமுனை திரும்பும் வரை கேட்டது, முடியவில்லை.